27 முதல் 34 வரை

எங்கள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் 41-ஆம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: 'பெருங்குடல் மாடல், ஃபைபர், மரப்பலகையுடன் – 1. நிலை: நன்று.' அந்த வரிக்கு நேரே 2007 மார்ச்சிலிருந்து 2023 மார்ச் வரை, வருஷத்துக்கு ஒன்றாக 17 கையெழுத்துகள் இருக்கின்றன. பதினேழும் என்னுடையவை. பதினேழும் பொய்.

செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ட்யூட்டராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது வேண்டாம். தப்பில் அந்தக் கட்டடத்துக்குப் பங்கில்லை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு உடற்கூறியல் எடுத்தவள் நான். டெமான்ஸ்ட்ரேஷன் ரூம் சாவி என் பையில் இருந்தது. அலமாரியில் இருந்த எலும்புக்கூடு, இதயம், சிறுநீரகம், கண், காது எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு.

பெருங்குடல் 2003-இல் வந்தது. ஹரியானாவில் அம்பாலா என்று ஒரு ஊர். ஆய்வுக்கூடச் சாமான்கள் செய்கிற பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு. அங்கிருந்து மரப்பெட்டியில் வைக்கோல் அடைத்து வந்து இறங்கியது. பில்லில் 4,200 ரூபாய். அசல் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். அதைச் சுருக்கி, பலகையில் கவிழ்த்த 'ப' மாதிரி வளைத்துப் பொருத்தியிருந்தார்கள். வலது கீழ் மூலையில் சீக்கம், அதில் புழு மாதிரித் தொங்கும் குடல்வால். அங்கிருந்து மேலே ஏறி, ஈரலுக்கு அடியில் ஒரு திருப்பம், குறுக்கே போய் மண்ணீரல் பக்கம் இன்னொரு திருப்பம், பிறகு இடது ஓரமாக இறங்கி, சிக்மாய்டு என்ற நெளிவு. குடலின் மேல் மூன்று நாடாக்கள் ஓடும். அவை குடலைவிட நீளம் குறைவு. அதனால்தான் குடல் அங்கங்கே சுருங்கி உப்பி நிற்கிறது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசகொசவென்று சேருமே, அதேதான். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் மறக்காது. நான் நன்றாகப் பாடம் எடுப்பேன். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாடம் எடுக்கத் தெரியாதவள் செய்த தப்பு இல்லை இது.

அங்கங்கே சுவரை வெட்டி உள்ளே நோய்களைக் காட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் காளான் மாதிரிக் காம்போடு ஒரு பாலிப். ஓரிடத்தில் சுவர் பிதுங்கிச் சின்னச் சின்னப் பைகள். ஓரிடத்தில் புண் பரவிச் சிவந்த பகுதி. ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவுக்கு வட்டச் சீட்டு, அதில் எண். கூடவே ஒரு அட்டை வந்தது. 1 முதல் 34 வரை எது என்ன என்று அதில் இருக்கும்.

இந்த எண் ஒட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை தேடிப் படித்திருக்கிறேன். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் மெழுகில் உடம்புகள் செய்தார்கள். அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் தொட முடியாது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கத்தான். பிரான்சில் லூயி ஓசூ என்ற மருத்துவர் 1820-களில் காகிதக்கூழில் செய்ய ஆரம்பித்தார். உறுப்பு உறுப்பாகக் கழற்றலாம், கையில் எடுத்துப் புரட்டலாம், திரும்ப மாட்டலாம். ஒவ்வொரு துண்டிலும் எண் ஒட்டி, அதற்கொரு பட்டியலும் கொடுத்தார். தன் மாடல்களுக்கு அவர் வைத்த பெயர் 'கிளாஸ்டிக்'. உடைப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. உடைத்து உடைத்துப் பார்ப்பதற்கென்றே செய்த உடம்பு.

நான் அதை வேறு விதமாக உடைத்தேன்.

2006 ஜூலை. காலை முதல் வகுப்பு. மாடலை அலமாரியிலிருந்து மேஜைக்குக் கொண்டுபோக ஆயாம்மா வரவேண்டும். அவர் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்வதுபோலப் பலகையை ஒரு பக்கம் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் வருகைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். மாடலின் கடைசிப் பகுதி, மலக்குடலும் ஆசனவாயும் சேர்ந்தது, தனித் துண்டு. இரண்டு பித்தளைக் கொக்கிகளில் மாட்டியிருக்கும். ஒரு கொக்கி தளர்ந்திருந்தது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். மொசைக் தரையில் விழுந்தது. மூன்று துண்டு.

அந்தத் துண்டில்தான் 27 முதல் 34 வரை எண்கள்.

சத்தம் கேட்டு ஆயாம்மா ஓடிவந்தார். துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல்நாள் தினசரி ஒன்றை எடுத்து மூன்றையும் அதில் சுருட்டி என் மேஜையின் கீழ் டிராயரில் வைத்தார். "நான் எதையும் பாக்கலைம்மா" என்றார். அப்படிச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. என் முகம் கேட்டிருக்கிறது.

4,200 ரூபாய்க்காகப் பயந்தேன் என்றால் அது பாதி உண்மைகூட இல்லை. அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு மெமோ, அதற்கொரு விளக்கம், பணிப்பதிவேட்டில் ஒரு சிவப்பு வரி, அதுதான் பயம். ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். பசை வாங்கவும் செய்தேன். அந்தப் பசை டியூபிலேயே இறுகிப்போனது.

அடுத்த மார்ச்சில் இருப்புச் சரிபார்க்க வந்தவர் அலமாரியை எட்டிப் பார்த்தார். பதிவேட்டில் ஒன்று, அலமாரியில் ஒன்று. டிக். குடல் எங்கே முடிகிறது என்று எந்த அலுவலரும் பார்க்கமாட்டார். முதல் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கியது. மூன்றாவது வருஷம், கையெழுத்துப் போட்டுக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம் அரிசி விலை பேசினேன்.

இதுவரை சொன்னது அரசு அலுவலகங்களில் சாதாரணமாக நடக்கிற சங்கதி. இதற்காக யாரும் வாக்குமூலம் எழுத மாட்டார்கள். இனி வருவதைத்தான் எழுத வந்தேன்.

அந்தத் துண்டு போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

பிளஸ் டூ முடித்து நேரே வந்த கிராமத்துப் பிள்ளைகள், பதினேழு பதினெட்டு வயசு. இதயம் என்றால் கண் விரியக் கேட்பார்கள். குடல் வந்தால் நெளிவார்கள். 30-ஆம் எண்ணைத் தொட்டு 'ஏனஸ்' என்றதும் பின் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும், முன் வரிசை தலை குனியும். நானும் தலை குனிகிற ஆள்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க வேகமாகப் பேசுவேன். நம் வாயில் இதற்குத் தமிழ் வராது. 'மோஷன்' போகிறது, 'பாஸ்' பண்ணவில்லை, 'பைல்ஸ்' மாதிரி இருக்கிறது என்போம். இந்த விஷயத்தில் ஆங்கிலம் நமக்கு டெட்டால். மேலே தெளித்துவிட்டால் நாற்றம் தெரியாது. ஆனால் வார்டுக்கு வருகிற பாட்டி 'வெளிக்குப் போகையில' என்றுதான் ஆரம்பிப்பாள். அவளோடு அந்தப் பேச்சைத் தொடரத் தெரிந்த நர்ஸை நான் உருவாக்கவில்லை.

துண்டு டிராயருக்குப் போனபின் பாடம் சிக்மாய்டோடு நின்றது. "மேடம், அட்டையில 34 வரைக்கும் இருக்கு, மாடல்ல 26-தானே இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். ஒவ்வொரு பேட்சிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். "அதைப் புத்தகத்துல பார்த்துக்குங்க, பரிட்சைக்கு அவ்வளவு முக்கியமில்லை" என்றேன். பரிட்சைக்கு முக்கியமில்லை என்று ட்யூட்டர் சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் திறந்துபார்க்கிற மாணவி உலகத்தில் கிடையாது.

விளைவு விடைத்தாளில் தெரிந்தது. 'பெருங்குடலின் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் அழகாக வரைவார்கள். நாடாக்கள், சுருக்கங்கள், குடல்வால் எல்லாம் இருக்கும். இடது பக்கம் இறங்கி, நெளிந்து, அந்தரத்தில் நிற்கும். வெட்டிப்போட்ட ரப்பர் குழாய் மாதிரி. வருஷா வருஷம் முப்பது நாற்பது பெருங்குடல்கள், ஒன்றுக்கும் வாசல் கிடையாது. பத்துக்கு எட்டரை போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

சரி, அந்த எட்டு எண்களில் அப்படி என்னதான் இருந்தது? 27 மலக்குடல், 28 அதன் உள்மடிப்பு. 30 ஆசனவாய். 33, 34 உள்ளும் புறமும் இருக்கிற சுருக்குத்தசைகள். நடுவில் பல்வரிசை மாதிரி ஒரு கோடு, 32. அந்தக் கோட்டுக்குக் கீழேயும் மேலேயுமாக நீல நிறத்தில் புடைத்த நாளங்கள், 31, அதுதான் மூலம். அதற்கு ஒன்றரை அங்குலம் மேலே 29: ஓரம் தடித்து, நடுவில் குழிந்த ஒரு கட்டி. புற்று. மூலத்தையும் புற்றையும் ஒரே துண்டில், அடுத்தடுத்து வைத்திருந்தார் அம்பாலாவின் யாரோ ஒரு கைவினைஞர். அவர் தெரிந்துதான் வைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. மூலத்திலும் ரத்தம் வரும், புற்றிலும் வரும். வெளியே வருகிற ரத்தத்தைப் பார்த்து இது எதுவென்று சொல்ல முடியாது. உள்ளே பார்க்க வேண்டும். கையுறை போட்ட ஒரு விரல் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை எட்டும்; மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. 2003 முதல் 2006 வரை மூன்று பேட்சுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

2011-இல் ஒரு பெண். இரண்டாம் வருஷம். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒரு பெரியவருக்கு எனிமா கொடுக்க அனுப்பியிருந்தார்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சிக்மாய்டு இடது பக்கம் இருப்பதால்தான் அப்படி என்பதும் தெரியும், அதை என் மாடலில் பார்த்திருக்கிறாள். தெரியாதது அதற்குப் பிறகு உள்ளது. ஆசனவாய் தொப்புளை நோக்கி ஏறுகிறது. நாலு சென்டிமீட்டரில் மலக்குடல் பின்னால், முதுகெலும்பின் அடிப்பக்கம் பார்த்துத் திரும்புகிறது. குழாய் அந்தத் திருப்பத்துக்கு இசைந்து போக வேண்டும். பள்ளியில் பயிற்சிக்கு இருக்கிற பொம்மையில் அந்த இடம் வெறும் ஓட்டை, நேரான பிளாஸ்டிக் குழாய். திருப்பம் இருந்தது என் டிராயரில். அவள் நேராக அழுத்தியிருக்கிறாள். பெரியவர் அலறினார், கொஞ்சம் ரத்தம். பெரிய காயமில்லை, ஆனாலும் அவருடைய மகன் வார்டையே இரண்டாக்கிவிட்டார்.

"ட்யூட்டர் என்னதான் சொல்லிக்குடுத்தாங்க?" என்று வார்டு சிஸ்டர் கேட்டார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். 'மேடம் சொல்லித்தரலை' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கவனக்குறைவாக நடந்துகொண்டேன், இனி இவ்வாறு நிகழாது" என்று மன்னிப்புக் கடிதம் எழுதினாள். அதன் கீழே 'பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது' என்று நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதினேழில் இது சேராது; இது தனி. அவள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை.

மார்ச் மாதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமும் அதேதான்; அமெரிக்காவில் 2000-இல் அறிவித்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஒரு மார்ச்சில் பிள்ளைகள் கருநீல ரிப்பன் வரைந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். 'வெட்கம் உயிரைக் குடிக்கும்' என்று தலைப்பு. தலைப்பு கொடுத்தவள் நான். அதை ஒட்டிய அன்று சாயங்காலம்தான் அந்த வருஷத்துக் கையெழுத்து.

இனி அண்ணன்.

அண்ணன் பஸ் டிரைவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங். 2017 ஜூனில் ஒருநாள் ராத்திரி போன் பண்ணினார். பேரனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று பேசினார், ஊர்த் திருவிழா வரி பேசினார், மழை பேசினார். வைக்கப்போகிற நேரத்தில், "ஏம்மா, கொஞ்ச நாளா உடம்பு சூடாவே இருக்கு" என்றார்.

"என்ன பண்ணுது அண்ணே?"

"அதான்… வெளிக்குப் போகையில ரத்தம் படுது. எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து சூடு ஏறியிருக்கும்னு டிப்போவுல சொல்றாங்க."

எங்கள் ஊரில் டிரைவருக்கு ரத்தம் போனால் அது மூலம். அதற்குமேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். இருந்தாலும் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "போயிட்டு வந்தாலும் முழுசாப் போன மாதிரியே இல்லம்மா. திரும்பத் திரும்பப் போகணும்போல இருக்கு. போனா சளி மாதிரி கொஞ்சம்."

இதற்கு ஒரு பெயர் உண்டு. டெனெஸ்மஸ். மலக்குடலில் ஏதோ அடைத்துக்கொண்டு இருக்கும்போது, அதை வெளியே தள்ளவேண்டிய மலம் என்று உடம்பு நினைத்து முக்குகிறது. ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர், ரத்தம், சளி, இந்த உணர்வு. எந்த முதல் வருஷ மாணவியாவது இதை மூலம் என்று எழுதியிருந்தால் நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

கேட்க வேண்டியவை நாலைந்து கேள்விகள். ரத்தம் மேலே படுகிறதா, கலந்து வருகிறதா? எத்தனை தடவை? எடை குறைந்ததா? ஒரு கேள்வியும் என் வாயில் வரவில்லை. கூடப்பிறந்த அண்ணன், அப்பா போனபிறகு அப்பா ஸ்தானம். அவரிடம் போய் அதை எப்படிக் கேட்பது என்று ஒரு கணம் நாக்கு மடங்கியது. அந்த ஒரு கணம்தான். "மூலச் சூடுதான் அண்ணே. துத்திக்கீரை வதக்கிச் சாப்பிடுங்க, கருணைக்கிழங்கு சேத்துக்குங்க, காரத்தைக் குறைங்க" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "நீ சொன்னாச் சரிதாம்மா" என்றார். நர்ஸுகளுக்கே பாடம் எடுக்கிறவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

எங்கள் பள்ளிக்கும் சர்ஜரி ஓ.பி.க்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். "நாளைக்கு வாங்க அண்ணே, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

பதினோரு மாதம் அவர் கீரை சாப்பிட்டார். மதினி நடுவில் இரண்டு தடவை போன் பண்ணினார். "உங்க அண்ணன் ஒரு சுத்து எளைச்சுட்டாக" என்றார். வயசாகிறது, மதினி, என்றேன். 2018 மே, ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது, பஸ் படியில் ஏற முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே. சொட்டுச் சொட்டாக வருஷம் முழுக்கப் போயிருக்கிறது.

திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். "அய்யா, இடது பக்கமாத் திரும்பிப் படுங்க, முழங்காலை மடக்குங்க" என்று உள்ளே ஒரு ஸ்டாஃப் நர்ஸின் குரல். என் மாணவிதான். பரிசோதித்தவர் பயிற்சி டாக்டர், இருபத்து மூன்று வயசிருந்தால் அதிகம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து சீனியரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: ஆசனவாயிலிருந்து நாலு சென்டிமீட்டர், கெட்டியாக, அசையாமல்.

29-ஆம் எண்.

மாடல் உடைந்ததால் அண்ணனுக்கு நோய் முற்றியது என்று எழுதினால் அது பதினெட்டாவது பொய். அந்தத் துண்டு முழுசாக அலமாரியில் இருந்திருந்தாலும் அன்று ராத்திரி போனில் நான் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்குப் படம் தெரியும், எண் தெரியும், அறிகுறி தெரியும். ஆனால் பதினோரு வருஷமாக அந்த இடம் வந்ததும் பாடத்தை நிறுத்திப் பழகியவள் நான். பழக்கம் போனிலும் நின்றது. ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், வேண்டாத கணக்கு. சின்னப் பாலிப்பாகத் தொடங்கும் ஒன்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம் அளவில் ஆகும் என்பார்கள். 2018-லிருந்து பின்னால் எண்ணினால், என் டிராயர் மூடிய காலத்தையொட்டி அண்ணனுக்குள் ஒரு காளான் முளைவிட்டிருக்கலாம். இதில் காரணம் காரியம் எதுவும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் எண்ணினேன்.

முதலில் 25 நாள் கதிர்வீச்சும் மாத்திரையும். சில வாரம் கழித்து ஆபரேஷன். கட்டி சுருக்குத்தசையைத் தொட்டுவிட்டது, அதனால் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றார் சர்ஜன். எர்னஸ்ட் மைல்ஸ் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1908-இல் எழுதிவைத்த ஆபரேஷன்; நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் அது தேவைப்படுகிறது. சர்ஜன் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் அண்ணனுக்குப் படம் போட்டுக் காட்டினார். கவிழ்த்த 'ப', இடது பக்கம் இறக்கம், நெளிவு. அதற்குக் கீழே இருந்ததைப் பேனாவால் குறுக்கே அடித்தார். "இதுவரைக்கும் இருக்கும்யா. இதுக்குக் கீழ எடுத்துருவோம். இந்த முனையை வயித்துல இடது பக்கமா வெளிய கொண்டுவந்து வெச்சிருவோம். அங்க ஒரு பை."

அந்தப் படத்தை நான் எத்தனையோ விடைத்தாளில் திருத்தியிருக்கிறேன். எட்டரை போட்டிருக்கிறேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். இதை எழுதும்போது அவருக்கு நோய் திரும்பவில்லை. பையோடு முதல் மூன்று மாதம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. பிறகு என்ன நடந்ததோ, வெட்கத்தை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ரத்தம் வந்தா சூடுன்னு நெனைக்காதீங்கப்பா, டாக்டர்கிட்டப் போய் வெரலை விட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று சத்தமாகச் சொல்கிறார். அவர் சொல்லிப் பழைய கண்டக்டர் ஒருவர் போய்க் காட்டியிருக்கிறார். அவருக்கு வெறும் மூலம். முப்பது வருஷம் வகுப்பெடுத்த நான் செய்யாததை அண்ணன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செய்கிறார்.

அப்போதும் நான் 2019, 2020, 2021, 2022 என்று 'நிலை: நன்று' எழுதிக்கொண்டுதான் இருந்தேன். இதைப் படிக்கிறவர்களுக்கு இது புரியாது. எனக்கும் புரியவில்லை. 2023 மார்ச், ஓய்வுபெறுகிற வருஷம், பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு உதவியாளரிடம் சொல்லிப் பார்த்தேன்: இந்த மாடலில் ஒரு பகுதி உடைந்திருக்கிறது, எழுதட்டுமா? அவர் நல்ல மனிதர். "மேடம், போற நேரத்துல ஏன்? ஆடிட்ல பிடிச்சுக்கிட்டா உங்க பென்ஷன் பேப்பர் நிக்கும்" என்றார். பதினேழாவது கையெழுத்துப் போட்டேன்.

மேஜையைக் காலி செய்தபோது டிராயரில் அந்தப் பொட்டலம் இருந்தது. 2006 ஜூலைத் தினசரி, தொட்டால் உதிர்ந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அரசுச் சொத்தை எடுத்துவந்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று துண்டையும் ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை. ஒரு சின்னச் சில்லு மட்டும் குறைந்தது; மற்றபடி 27 முதல் 34 வரை எல்லாச் சீட்டும் அப்படியே இருந்தன.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்திருந்தார். டீப்பாயில் காய்ந்துகொண்டிருந்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

சொன்னேன். முதல் தடவையாக அவரிடம், தமிழில், ஒவ்வொன்றாக. இது மலக்குடல், இது ஆசனவாய், இது மூலம்.

"இதுல என்னுது எது?"

29-ஐத் தொட்டுக் காட்டினேன். அண்ணன் தன் ஆள்காட்டி விரலை அந்தத் துண்டின் வாசலில் வைத்து உள்ளே நீட்டினார். இரண்டாவது கணு போவதற்குள் கட்டி விரல்நுனியில் முட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இவ்வளவு கிட்டத்துலயா இருந்துச்சு?" என்றார். பிறகு, "அன்னிக்கு நான் போன் பண்ணேன்ல, அப்பவே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமாம்மா? இந்தப் பை இல்லாமப் போயிருக்குமா?"

"அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாது அண்ணே" என்றேன். "சிலது அப்படித்தான், தெரியாமலே வளந்துரும்."

அண்ணன் தலையாட்டினார். துண்டைப் பத்திரமாக டீப்பாயில் வைத்தார். மதினிக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த வாரப் பத்திரிகையை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அட்டையில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் அவர்.